கானாடுகாத்தானை நடந்தே பார்ப்பது எப்படி? படிக்க வந்த மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிறந்து வளர்ந்து, இப்போது காரைக்குடிப் பக்கம் படிக்க வந்திருக்கிறீர்களா? சனிக்கிழமை வந்ததும் கார் பிடித்து, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, ஆத்தங்குடி, அரண்மனை என்று ஒரே நாளில் ஓடாதீர்கள். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களாகப் பரந்து கிடக்கிறது. அதில் ஒரே ஊர், அந்த ஊரில் ஒரே தெரு, அந்தத் தெருவில் ஒரு வீட்டை முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நிதானமாகப் பாருங்கள். மற்ற ஊர்களுக்குப் போகும்போது எதைப் பார்ப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

1. கானாடுகாத்தானில் இறங்குங்கள்

முதல் தடவைக்கு நான் சொல்வது கானாடுகாத்தான்தான். காரைக்குடியிலிருந்து திருச்சி சாலையில் சுமார் 15 கிலோமீட்டர். நீண்ட தூரம் போகும் பேருந்துகள் எல்லா நிறுத்தத்திலும் நிற்காது. ஏறும்போதே நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டில் இறங்கி ஊருக்குள் நடக்க வேண்டும். மேடு பள்ளம் கிடையாது.

2. காலையிலேயே கிளம்புங்கள்

கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். பங்குனி, சித்திரை வெயிலில் இந்த அகலமான தெருக்களில் ஒதுங்க நிழல் கிடைக்காது. தண்ணீர், தொப்பி, கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு போதும். ஷூ வேண்டாம், கோயிலிலும் வீடுகளிலும் கழற்றிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

3. முதலில் ஊருணி, பிறகுதான் வீடு

எல்லோரும் நேரே அரண்மனை வாசலுக்குப் போய் நிற்பார்கள். நீங்கள் ஊருணி, அதாவது ஊர்ப் பொதுக்குளத்தின் கரையிலிருந்து தொடங்குங்கள். இது ஆறு பாயாத வறண்ட பூமி. மழையை விட்டால் வேறு வழியில்லை என்று தெரிந்து கட்டிய ஊர். ஓட்டுக்கூரைகள் வீட்டின் நடுமுற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். கூரைத் தண்ணீர் அங்கே விழும். அண்டாக்களில் பிடித்ததுபோக மீதி, தரைக்கடியில் போகும் வடிகால் வழியாகத் தெருவுக்கு வந்து, ஊருணிக்குப் போய்ச் சேரும். ஊருணி நிறைந்தால் சுற்றியிருக்கும் கிணறுகளிலும் நீர் ஊறும். கரையிலிருந்து எதிர்த்திசையில், அந்தக் கால்வாய்கள் வந்த வழியே தெருவுக்குள் நடங்கள். சில இடங்களில் குப்பை அடைத்துக் கிடக்கும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனது வலிக்கும்.

4. ஒரு வீட்டைச் சுற்றி வாருங்கள்

தெருக்கள் பெரும்பாலும் நேர்கோட்டில் ஓடும். ஏதாவது ஒரு பெரிய வீட்டின் முன் நின்று மேலே பாருங்கள். முகப்பில் சுதையில் செய்த கஜலட்சுமி இருப்பாள். சில வீடுகளில் அவளுக்குப் பக்கத்திலேயே வெள்ளைக்காரச் சிப்பாயும் நிற்பான். கீழே பார்த்தால் தரைமட்டத்திலிருந்து நன்றாக உயர்ந்த படிகள். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபோது வந்தவர்கள் நாங்கள், அந்தப் பயத்தில் உயர்த்திக் கட்டினோம் என்று ஊரில் சொல்வார்கள்.

இப்போது வீட்டின் பக்கச் சுவரை ஒட்டியே நடங்கள். சுவர் முடியவே முடியாது. முடியும் இடம் அடுத்த தெரு! முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் இன்னொரு தெருவில்.

இதற்கெல்லாம் பணம், இந்த ஊர்களின் வணிகச் சமூகமான நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் செய்த லேவாதேவியில், அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலில் வந்தது. சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அதை 1859-இல் எழுப்பியவர்களும் இந்த நகரத்தார்தான். கப்பலில் தேக்கு பர்மாவிலிருந்தும், பளிங்கு இத்தாலியிலிருந்தும் வந்து இறங்கின. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வருமானம் நின்றுபோனது.

5. உள்ளே போக அனுமதி கேளுங்கள்

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912-இல் கட்டிய அரண்மனையை வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற வீடுகள் பலவும் பூட்டியே இருக்கும். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல் போடும் நாள்) என்றால்தான் கூடுவார்கள். காவலுக்கு ஒருவர் இருப்பார். "அண்ணே, படிக்க வந்திருக்கோம், வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கலாமா?" என்று கேளுங்கள். திண்ணையில் வயதான அம்மா இருந்தால் "ஆச்சி" என்று கூப்பிடுங்கள். சில வீடுகளில் சிறு கட்டணம் உண்டு. முடியாது என்றால் வற்புறுத்தாதீர்கள். சாமி அறையையும் மனிதர்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

6. கட்டு கட்டாக நகருங்கள்

வீட்டின் ஒவ்வொரு பகுதியும் ஒரு கட்டு. முகப்பு ஆண்கள் வியாபாரம் பேசிய இடம். அதைத் தாண்டினால் வளவு: நடுவில் வானம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அறை உண்டு. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான தம்பதியின் குடும்பத்துக்கும்) தனிச் சமையல், தனிக் கணக்கு. பெற்றோரோடு சேர்ந்தும் இருக்கலாம், தன் குடும்பத்தைத் தானே நடத்தியும் பழகலாம். தேக்குத் தூணைவிட எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல்தான் மரியாதை அதிகம். முற்றத்து ஓரத்தில் நின்று, ஊருணிக்குப் போகும் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று தேடிப் பாருங்கள்.

சுவரைத் தொடலாமா என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் எல்லாம் சேர்த்து, பல அடுக்காகப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றியது. வெயில் நேரத்திலும் குளிர்ந்திருக்கும். அதன் பிறகு இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல்.

7. மிச்சம் நேரமிருந்தால் ஆத்தங்குடி

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கற்களைச் செய்யும் ஊர் இது. நடக்கும் தூரமில்லை, ஆட்டோ பிடியுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, கட்டம் கட்டமாக நிறச் சிமெண்டுக் கலவையை ஊற்றுவார்கள். மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். சூளையே கிடையாது. கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. பட்டறைகளில் வேலையைக் கெடுக்காமல் ஓரமாக நின்று பார்த்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒரு கல் வாங்கினால் பழைய துணியில் சுற்றிப் பையின் அடியில் வையுங்கள். கனம் அதிகம், முனை உடைந்துவிடும்.