மதிய இடைவேளையில் நூலகத்தில் நிகழ்ச்சி நடத்துவது எப்படி?

மாவட்ட மைய நூலகங்களில் வாசகர் வட்டக் கூட்டம் என்றால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, இல்லாவிட்டால் மாலை ஐந்தரை. அந்த நேரத்துக்கு வரவே முடியாத ஒரு கூட்டம் பகல் முழுக்க நூலகத்தைச் சுற்றியே இருக்கிறது. ஆட்சியர் அலுவலக ஊழியர்கள், வங்கிக்காரர்கள், வழக்கறிஞர்களின் குமாஸ்தாக்கள், பத்திரப் பதிவுக்கு வந்து காத்திருப்பவர்கள் எல்லாரும் மாலையானால் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுவார்கள். மாதம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரப் பேச்சோ பாட்டோ இவர்களுக்காக இலவசமாக நடத்துவது ஒரு வாசகர் வட்டத்தால் முடிகிற காரியம்தான். பெரிய செலவு கிடையாது. ஆனால் நேரம் கைநழுவினால் இரண்டாம் மாதமே ஆள் வராது.

நாளும் அனுமதியும்

முதலில் அந்த நூலகம் நண்பகலில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பல கிளை நூலகங்கள் மதியம் மூடிவிட்டு மாலையில்தான் மறுபடி திறக்கும். அங்கே நடத்தினால் நூலகரின் ஓய்வு நேரத்தைப் பறிப்பதாகிவிடும். இரண்டு மாதத்துக்கு மேல் அது ஓடாது. இடைவேளை இல்லாமல் திறந்திருக்கும் மாவட்ட மைய நூலகமே இதற்குச் சரி.

பிறகு சுற்றியுள்ள அலுவலகங்களுக்கு நேரில் போய், சாப்பாட்டு இடைவேளை எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் 1 மணி, இன்னோரிடத்தில் 1.30, வங்கியில் 2 என்று மாறி மாறி இருக்கும். அதிகம் பேருக்கு ஒத்துவரும் அரை மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இங்கே 1.20 முதல் 1.50 வரை என்று வைத்துக்கொள்வோம்.

கிழமையைக் கழித்துக் கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கிருந்து ஒருவரும் நகர முடியாது. புதன் 12 முதல் 1.30 வரை ராகு காலம், வியாழன் 1.30க்குத் தொடங்குகிறது, நமக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும், புதிதாக மேடையேறும் கலைஞர் தயங்குவார். வெள்ளி ஜும்ஆ தொழுகை நேரம். சனிக்கிழமை பல அலுவலகங்களே இல்லை. மிஞ்சுவது செவ்வாய். ‘மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்’ என்பது போல ஒரே நாளாக நிலைநிறுத்துங்கள். தேதியைப் பார்த்து நினைவு வைத்துக்கொள்ள மாட்டார்கள், கிழமையை வைத்துக்கொள்வார்கள்.

அனுமதிக் கடிதம் நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்குப் போக வேண்டும். குறைந்தது ஆறு வாரம் முன்னதாகக் கொடுங்கள். ஒரு நிகழ்ச்சிக்குக் கேட்காமல் ஆறு மாதத்துக்கான ஆறு தேதிகளையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டால் ஒவ்வொரு மாதமும் கோப்பு அலைய வேண்டாம். தொடங்கும் நேரம், முடியும் நேரம், எந்த அறை, எத்தனை நாற்காலி, ஒலிபெருக்கி உண்டா இல்லையா, கட்டணம் கிடையாது, கட்சி சார்பில்லை, அறையைத் துப்புரவு செய்து ஒப்படைப்பவர் யார் ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும்.

வாசலில் உண்டியல் வைக்க வேண்டாம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக மக்கள் ஏற்கெனவே கட்டுகிறார்கள். உள்ளே வருபவர் தன் இடத்துக்கு வருவதாகவே உணர வேண்டும்.

படிக்கிறவர்களை மறக்காதீர்கள்

இன்றைய நூலகத்தின் உண்மையான குடிமக்கள் டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வுகளுக்குக் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள். நம் நிகழ்ச்சியின் சத்தம் அவர்களுடைய மேசையில் விழுந்தால் அடுத்த நாளே புகார் போகும். அந்தப் புகார் நியாயமானது. போட்டித் தேர்வுப் பிரிவிலிருந்து குறைந்தது இரண்டு சுவர் தள்ளிய, கதவு மூடக்கூடிய அறை வேண்டும். முந்தின நாள் ஒருவரை அறையில் பேசவிட்டு, இன்னொருவர் படிப்பறையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சொல் புரிகிற அளவுக்குக் கேட்டால் அந்த அறை உதவாது. வெறும் முணுமுணுப்பு என்றால் பரவாயில்லை.

நாற்பது பேர் வரை மைக் தேவையே இல்லை. மின்விசிறிச் சத்தத்தில் குரல் எடுபடாமல் போனால், பேசுபவருக்கு நேர்மேலே உள்ள விசிறியை மட்டும் நிறுத்தினாலே பாதி சரியாகிவிடும். மைக் கட்டாயம் வேண்டுமென்றால், கையில் தூக்கும் சிறிய ஒலிபெருக்கியை உட்சுவருக்கு முதுகு காட்டி வையுங்கள்.

யாரை அழைப்பது?

வெளியூர்ப் பிரபலத்தை நாடாதீர்கள். ரயில் தாமதமானால் 1.20 என்பது கனவு. மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கும் ஊர் என்றால் அது ஒரு பெரிய கொடை. குரலிசை, தேவாரம், வயலின், மிருதங்கம், நாகசுரம், தவில், பரதம் எல்லாம் அங்கே சொல்லித்தருகிறார்கள்; மூத்த மாணவர்களும் ஆசிரியர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள். பக்கவாத்தியம் இல்லாமல் ஒரே குரலில் ஐந்து தேவாரப் பதிகப் பாடல்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் பண்ணின் பெயரும் இரண்டு வரி விளக்கமும் என்றால், அரை மணிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும்.

அறைக்குள் வீணை, புல்லாங்குழல், வயலின், கஞ்சிரா பொருந்தும். நாகசுரமும் தவிலும் அறைக்குள் வேண்டவே வேண்டாம். முற்றமோ மரத்தடியோ இருந்தால் மட்டும். தோல் பறையைத் தீயில் காய்ச்சித்தான் அடிப்பார்கள். வைக்கோல் தீயைப் புத்தகக் கட்டடத்தின் அருகே மூட்டக் கூடாது. காம்பவுண்டின் கோடியில் இடமும் ஒரு வாளித் தண்ணீரும் ஏற்பாடு செய்ய முடிந்தால் அழையுங்கள். மிருதங்கம் வந்தால் இடந்தலையில் (இடப்பக்கத் தோலில்) ரவை அப்ப, சுருதி சேர்க்க, கால் மணி நேரம் வேறோர் இடம் கொடுங்கள். அந்தத் தட்டல் ஒலி பார்வையாளர் முன்னால் நடந்தால் நிகழ்ச்சி நேரம்தான் போகும். தோற்பாவைக்கூத்துக்கு இருட்டு வேண்டும். மதிய வெயிலில் எல்லா ஜன்னலையும் கறுப்புத் துணியால் அடைக்க முடியுமா என்று பார்த்துவிட்டு வாக்குக் கொடுங்கள். தெருக்கூத்தில் வேடம் கட்டவே மணிக்கணக்காகும். அதனால் முழு ஆட்டத்துக்கு ஆசைப்படாமல், முகத்தில் அரிதாரம் பூசுவதையும் கிரீடம் கட்டுவதையுமே காட்டி விளக்கச் சொல்லலாம். பலர் வாழ்நாளில் பார்த்திராத காட்சி அது.

பேச்சு என்றால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும் தலைப்பாக இருக்கட்டும். ‘தமிழர் நீர் மேலாண்மை’ என்று வைத்தால் ஒரு மணி நேரமும் போதாது. ‘நம் ஊர்க் கோயில் கல்வெட்டில் ஏரியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?’ என்றால் 20 நிமிடத்தில் முடியும். வில்லங்கச் சான்றைப் படிப்பது எப்படி, பாம்பு கடித்த முதல் அரை மணியில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது போன்றவற்றுக்கு எப்போதும் ஆள் சேரும்.

கேட்பவருக்கு இலவசம்; கலைஞருக்கு இலவசம் அல்ல. போக்குவரத்துச் செலவும் ஒப்புக்கொண்ட தொகையும் அன்றைக்கே உறையில் போட்டுக் கையில் கொடுங்கள். பொன்னாடைக்குச் செலவழிக்கும் பணத்தை அந்த உறையில் சேருங்கள். வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றுவதானால் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

அந்த முப்பது நிமிடம்

நம் ஊர்க் கூட்டங்கள் கெடுவது இங்கேதான். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர், வாழ்த்துரை, நினைவுப்பரிசு, நன்றியுரை என்று போனால் கலைஞர் வாய் திறக்கும்போது கேட்க வந்தவர் ஆபீஸுக்குத் திரும்பியிருப்பார். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து மட்டும் இருக்கட்டும். 2021 டிசம்பர் அரசாணைப்படி அது 55 நொடிதான். அதன்பின் ஒருவர் கலைஞரின் பெயரையும் இன்றைய பொருளையும் மூன்று வாக்கியத்தில் சொல்லி உட்கார்ந்துவிட வேண்டும். 1.22க்கு நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்க வேண்டும். 1.43 வரை அது. அடுத்த ஐந்து நிமிடம் கேள்விகள். கடைசி இரண்டு நிமிடத்தில் அடுத்த மாத அறிவிப்பு, கைதட்டல், முடிந்தது.

நான்கே பேர் வந்திருந்தாலும் 1.20க்குத் தொடங்குங்கள். ‘இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாம்’ என்று ஒருமுறை காத்திருந்தால், அடுத்த மாதம் எல்லாரும் அந்தப் பத்து நிமிடம் கழித்தே வருவார்கள். பேராசிரியர்கள் நேரம் கடப்பார்கள். அது ஆணவம் இல்லை, 50 நிமிட வகுப்பின் பழக்கம். முதல் நாளே தொலைபேசியில் ‘1.43க்கு நான் எழுந்து நிற்பேன் ஐயா’ என்று சொல்லிவையுங்கள். ‘5 நிமிடம்’ என்று எழுதிய அட்டையோடு ஒருவர் கடைசி வரிசையில் இருக்கட்டும். சுவர்க் கடிகாரம் பேசுபவர் பார்வையில் படும்படி இருக்க வேண்டும்.

கதவருகே பத்து நாற்காலிகளைக் காலியாக விடுங்கள். அவை தாமதமாக வருபவர்க்கும் முன்னதாகக் கிளம்புபவர்க்கும் உரியவை. முன்வரிசையை ‘முக்கியப் பிரமுகர்’களுக்கு ஒதுக்கவே கூடாது.

சாப்பாடு

டிபன் பாக்ஸோடுதான் வருவார்கள், வரட்டும். ஆனால் புத்தக அடுக்கு உள்ள அறையில் சோறு கூடாது. சிந்திய ஒரு பருக்கைக்கு எறும்பு, அதன் பின்னே கரப்பான், எலி என்று வந்து பைண்டிங் பசையில் கை வைக்கும். 1 மணி முதல் வராந்தாவில் பாய் விரித்து, கை கழுவத் தண்ணீரும் மூடி போட்ட குப்பைக்கூடையும் வைத்தால் சாப்பிட்டுவிட்டு உள்ளே வருவார்கள். கோடையில் நீர்மோர் கொடுங்கள்: ஆளுக்கு 100 மில்லி என்றால் 40 பேருக்கு 4 லிட்டர். ஒரு லிட்டர் தயிருக்கு மூன்று லிட்டர் தண்ணீர் போதும். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை. எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும்.

அறிவிப்பும் புத்தக மேசையும்

நோட்டீஸில் முடியும் நேரத்தைத் தொடங்கும் நேரத்தைவிடப் பெரிய எழுத்தில் போடுங்கள். ‘1.50க்குக் கட்டாயம் முடியும்’ என்ற வரிதான் ஊழியரை வரவழைக்கும். ஒட்ட வேண்டிய இடங்கள் டீக்கடை, அலுவலகத் தகவல் பலகை, நீதிமன்ற ஜெராக்ஸ் கடை. நாளிதழ்களின் உள்ளூர் நிகழ்ச்சிப் பகுதிக்கு மூன்று நான்கு நாள் முன்பே எழுதி அனுப்புங்கள்.

அன்றைய பொருளுக்குத் தொடர்பான 15 புத்தகங்களை நூலகரிடம் கேட்டு வாசலருகே ஒரு மேசையில் வையுங்கள். கூடவே உறுப்பினர் படிவம் பத்து. பேச்சைக் கேட்ட சூட்டில் கைக்கு எட்டும் புத்தகம்தான் வீட்டுக்குப் போகும். 1.50க்குப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் புத்தகம் பதிய நிற்பார்கள் என்று கவுண்டரில் முன்பே சொல்லிவையுங்கள், இல்லையேல் வரிசையைப் பார்த்துப் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டுப் போவார்கள்.

முதல் மாதம் பன்னிரண்டு பேர் வந்தால் நல்ல தொடக்கம். ஆறு மாதமும் நடத்திவிட்டுத்தான் கூட்டம் போதுமா, நேரத்தை மாற்ற வேண்டுமா என்று பேச வேண்டும். ஒவ்வொரு முறையும் வந்தவர் எண்ணிக்கை, எந்த அலுவலகம், எத்தனை புத்தகம் வெளியே போயிற்று என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த அனுமதிக் கடிதத்தோடு இணைக்க அதுவே போதும்.

2.15க்குள் நாற்காலிகளை அடுக்கி, வராந்தாவைப் பெருக்கி, குப்பைக்கூடையை வெளியே எடுத்து, சாவியை நூலகர் கையில் கொடுத்துவிட்டு, தகவல் பலகையில் அடுத்த இரண்டாம் செவ்வாயின் தேதியை எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.