ஜெபமும் மாத்திரையும் ஒரே வீட்டில்

திருநெல்வேலிப் பக்கத்து கிறிஸ்தவ சபைகளில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வார்கள். ஐயரிடம் சொல்லத் தயங்குவதை எல்லாம் ஐயரம்மாவிடம்தான் சொல்வார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, போதகர் குடியிருக்கும் குருமனையின் பின்வாசலில் அடுப்படிப் பக்கமாக வந்து நிற்பார்கள். "ஐயரம்மா, யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்றுதான் பேச்சே தொடங்கும். மகன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. பிரசவத்துக்கு வந்த மகள் பிள்ளையைத் தூக்க மாட்டேன் என்கிறாள். வீட்டுக்காரர் ராத்திரி முழுவதும் விழித்திருந்து, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்கிறார்.

அப்படி வருகிறவர்களிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மனவியாதிக்கு என்ன மருந்து என்பது எனக்குத் தெரியாது. வியாதிக்காரர் இருக்கும் வீட்டில் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்ளலாம் என்பது கொஞ்சம் தெரியும்.

முதலில் ஏசாயா 38-ஐ ஒருதரம் வாசித்து வைத்துக்கொள்ளுங்கள். எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவான வியாதியில் கிடக்கிறார். சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபிக்கிறார். கர்த்தர் 15 வருஷம் கூட்டித் தருகிறார். அதே அதிகாரத்தின் கடைசியில், அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவைக் கட்டியின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா. ஜெபம் கேட்கப்பட்டாயிற்றே, அப்புறம் பற்று எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் கேட்பார்கள். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசக் குறைவு என்று சொல்ல ஒரு பெரியப்பாவாவது வருவார். சண்டை போடாமல் அந்த அதிகாரத்தைத் திறந்து அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? மனச்சோர்வு, தூக்கக் கேடு, சாப்பாட்டில் வெறுப்பு, பிடித்த வேலையில்கூட நாட்டமில்லாமை, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் போய்விடுங்கள். பாடகர் குழுவுக்கு ஒரு நாளும் தவறாதவர் பாட்டுப் புத்தகத்தையே தொடவில்லை என்றால் அதுவும் ஒரு அடையாளம்தான். காதில் குரல் கேட்கிறது, சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்றால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். பிள்ளை பெற்றவள் தூங்காமல் தாறுமாறாகப் பேசினால் அன்றைக்கே போக வேண்டும். அதைச் சாபம், கண்ணேறு என்று சொல்லிக்கொண்டு ஒரு ராத்திரியைக்கூடக் கடத்தாதீர்கள்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022-இல் தொடங்கிய சேவை; 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கள் பக்கத்தார் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் கூடவே தங்கி, சிகிச்சையில் பங்கெடுக்க வேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றிலேயே இவ்வளவு காலமாக இந்த வைத்தியம் நடக்கிறது என்று சொன்னாலே சில வீடுகளில் பாதித் தயக்கம் போய்விடுகிறது.

கூட்டிக்கொண்டு போவதுதான் பெரிய பாடு. "கன்வென்ஷனுக்குப் போறோம்" என்று பொய் சொல்லி வண்டியில் ஏற்றாதீர்கள். அடுத்த முறை அவர் எந்த வண்டியிலும் ஏற மாட்டார். அவருக்கே தொந்தரவாக இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அது தூக்கமாக இருக்கும். "உனக்குத் தூக்கமே இல்லையே மக்கா, அதுக்கு ஒரு டாக்டரைப் பாத்துட்டு வருவோம்." இதில் பொய் எதுவும் இல்லை. கூடப் போகிறவர் ஒரே வீட்டில் படுத்து எழுந்திருப்பவராக இருக்கட்டும். எப்போதிலிருந்து இப்படி, எத்தனை மணிக்குத் தூங்குகிறார், வீட்டில் முன்னால் யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்பார். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தைராய்டு குறைந்தாலும் ஆள் சோர்ந்து போவார், அதற்கும் ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள்.

இனி குடும்ப ஜெபம். இதைப் பற்றி நமக்குள் யாரும் பேசுவதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் நேரில் சொல்லத் தைரியமில்லாததை எல்லாம் ஜெபத்தில் சொல்லிவிடுகிறோம். ஒரு வீட்டுக்குச் சாயங்காலம் போயிருந்தேன். பாய் விரித்து எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். மாமனார் ஜெபித்தார். உலக சமாதானம், ஊழியர்கள், மழை எல்லாம் முடிந்து, "ஆண்டவரே, இந்த வீட்டில் சோம்பலின் ஆவியைக் கட்டும், எங்கள் மருமகளுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்றார். மருமகள் மூன்றாவது ஆளாக நின்றாள். மாத்திரை தொடங்கிய புதிது. காலையில் எழுந்திருக்கவே முடியாமல் தலை கனக்கும் நாட்கள். ஜெபம் முடிந்ததும் அவளும் ஆமென் சொன்னாள். வேறென்ன சொல்ல முடியும்? மாமனார் திட்டியிருந்தால் பதிலாவது பேசியிருப்பாள்.

ஆகவே ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்வதாக இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். குறையைச் சொல்லாமல், அன்றைக்கு நடந்த ஒன்றுக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள்: குளித்தார், கடைக்குப் போய்வந்தார், இரண்டு இட்லி சாப்பிட்டார். ஜெபம் பத்து நிமிஷத்துக்குள் முடியட்டும். அவர் படுத்திருந்தால் படுத்திருக்கட்டும். எழுப்பி உட்கார வைக்காதீர்கள். வேதம் வாசிக்க முடியவில்லை என்று அவரே வருத்தப்பட்டால் 88-ஆம் சங்கீதத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது; கடைசியில்கூட ஒரு ஆறுதல் வரி கிடையாது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

ஜெபக்குறிப்பு கொடுப்பதிலும் கவனம் வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் புதன்கிழமை சொன்னது வெள்ளிக்கிழமைக்குள் பக்கத்து சேகரத்து சபைகளுக்கே போய்விடும். "வீட்டில் ஒருவருக்குச் சுகவீனம்" என்றால் போதும். ஆளும் வியாதியும் ஆண்டவருக்குத் தெரியும்.

மருந்து விஷயத்தில் சபைக்காரர்களுக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம்கூட ஆகும். அதற்குள் "ஒண்ணும் கேக்கலை" என்று நிறுத்திவிடாதீர்கள். அதைவிடப் பெரிய ஆபத்து சுகமான பிறகு வருவது. சபையில் எழுந்து சாட்சி சொல்லிவிட்டு, சொன்ன வாக்கைக் காப்பாற்ற மாத்திரையை நிறுத்துகிறார்கள். சாட்சி சொல்லுங்கள், மாத்திரையையும் சாப்பிடுங்கள்; எப்போது குறைப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும். மனநிலையைச் சீராக வைக்கத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிவிடும். வாந்தி, கை நடுக்கம், தள்ளாட்டம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து நாட்கள் தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். முழு இரவு ஜெபமும் அப்படித்தான். இருமுனைக் கோளாறு (மனம் ஒருசமயம் அளவுமீறிக் கிளர்ந்தும் ஒருசமயம் சோர்ந்தும் போகிற வியாதி) உள்ளவருக்கு ஒரு ராத்திரித் தூக்கம் கெட்டாலே வியாதி கிளம்பிவிடக்கூடும். அப்புறம் இதையும் சொல்ல வேண்டும்: குடியை நிறுத்த டைசல்பிராம் சாப்பிடுகிறவருக்கு நற்கருணைத் திராட்சரசத்தில் கொஞ்சம் மது இருந்தாலும் ஒத்துக்கொள்ளாது. ஐயரிடம் முன்கூட்டியே சொன்னால் அப்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிசாசு பிடித்திருக்கிறது என்று ஜெபவீட்டுக்குக் கொண்டுபோய் விடச் சொல்வார்கள். அங்கே கட்டிப்போடுவது, அடிப்பது, மருந்தைப் பிடுங்குவது இருந்தால் உடனே அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு வரும் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் செத்துப்போனார்கள். அது வேறு மதத்தார் போகிற இடம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சங்கிலியில் கட்டுவதை 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடைசெய்திருக்கிறது.

"செத்துப்போனா நல்லாருக்கும்" என்று ஒருவர் சொன்னால், "அப்படிப் பேசப்படாது, பாவம்" என்று வாயை அடைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. சொல்ல ஒரு ஆள் கிடைத்ததே என்று பாரம்தான் இறங்கும். பூச்சிமருந்தை வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள், மாத்திரைகளைப் பூட்டி வைத்து வேளைக்கு வேளை எடுத்துக் கொடுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்கெனவே முயற்சி செய்துவிட்டார் என்றால் போலீஸ் கேஸ் பயத்தில் ஒளிக்க வேண்டாம். அப்படிச் செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது.

எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைத்தான் கேட்டார். தேவதூதன் வந்து தட்டியெழுப்பிச் சொன்னது, "எழுந்திருந்து போஜனம்பண்ணு." தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்திருந்தது. சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வந்தது நாற்பது நாள் கழித்துத்தான். உங்கள் வீட்டிலும் ரசஞ்சோறும் தூக்கமும் முதலில் நடக்கட்டும்.

பார்க்க வருகிறவர்களுக்கு: யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். நீங்கள் ஏழு நாள் உட்கார வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் இருங்கள். அந்தத் தாய் ஆலயத்துக்குப் போய்விட்டு வரட்டும்.

புருஷன் அடித்து, அதனாலேயே மனம் ஒடிந்துபோனவளிடம் "பொறுத்துப் போ" என்பது ஆலோசனை ஆகாது. மனைவிகளே கீழ்ப்படியுங்கள் என்று எபேசியர் 5:22-ஐ எடுக்கிறவர்களிடம், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். 181 பெண்களுக்கான உதவி எண். அதை அவளுக்குக் கொடுங்கள்.

கடைசியாகக் கல்யாணம். "ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாயிரும்" என்பதை நம்பி இன்னொரு வீட்டுப் பிள்ளையை இதற்குள் இழுக்காதீர்கள். வியாதி உள்ளவர் கல்யாணமே செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மருந்தோடு நன்றாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் எங்கள் சேகரத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் கோயிலில் ஓலை வாசிக்கும் முன்பே, அதாவது கல்யாணத்தைச் சபையில் அறிவிக்கும் முன்பே, கட்டிக்கொள்ளப்போகும் பிள்ளையையே உட்கார வைத்து, மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்துச் சொல்லிவிட வேண்டும். பெற்றோரிடம் சொன்னோம் என்பது போதாது. வேண்டாம் என்றால் சரி, வருத்தப்படாமல் விட்டுவிடுங்கள். சம்மதம் என்றால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது இரண்டு பேருமாகப் போகட்டும். மாத்திரை சாப்பிடுவது பெண் என்றால் பிள்ளை உண்டாவதைப் பற்றியும் அன்றைக்கே கேட்டுக்கொள்ளட்டும். சில மாத்திரைகளை அதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும்.