தோம்பைப் பார்த்துவிட்டுக் காணியைப் பார்க்கப் போங்கள்

அப்பாவின் காணி இன்னும் அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு யாழ்ப்பாணம் போகிற பலருக்கு அந்தக் காணியின் பெயர்கூடத் தெரியாது. கோயிலுக்குப் பின்னால், வடலிக்குப் பக்கத்தில் என்ற அளவில்தான் ஞாபகம். தோம்பு என்கிற பதிவேடு இருக்கிற காணிப் பதிவகத்தில் அந்த ஞாபகம் எடுபடாது. அங்கே ஊர், காணியின் பெயர், பரப்பு, நாலு பக்க எல்லை, இவைதான் அடையாளம்.

ஆகவே வெளிக்கிட முதலே வீட்டில் உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, தேடுங்கள். போட்டோக் கொப்பி என்றாலும் போதும். உறுதி இலக்கம், திகதி, அதை எழுதி முடித்த நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பதிவகத்தின் முத்திரை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதில் ஓர் எழுத்தும், சாய்கோடு போட்டு இரண்டு எண்களும் இருக்கும். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பது அதுதான். அந்த ஒரு வரி இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இல்லாவிட்டால் சுட்டிப் புத்தகத்தில் ஆளின் பெயரை வைத்துத் தேடவேண்டும். சீதன உறுதி என்றால் கல்யாண ஆண்டிலிருந்து தொடங்கலாம்.

இடம்பெயர்வில் உறுதி போய்விட்டதா? பயப்பட வேண்டாம். நொத்தாரிசு முடிக்கிற ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் பதிவகத்துக்குப் போகவேண்டும் என்பது சட்டம். இலக்கமும் திகதியும் தெரிந்தால் உறுதிப்படுத்திய பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம்.

பழைய ஆட்கள் இந்தப் பதிவேட்டைத் தோம்பு என்பார்கள். போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் காலத்திலும் நிலைத்த பெயர். இப்போதைய பதிவு 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி நடக்கிறது. ஒரு காணிக்கு ஒரு பக்கம். விற்றது, நன்கொடை கொடுத்தது, ஈடு வைத்தது, வழக்குப் போட்டது எல்லாம் அதில் வரிசையாக ஏறும். பக்கம் நிரம்பினால் வேறு புத்தகத்துக்குக் கொண்டுபோவார்கள். எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்ற எண்கள் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். அந்த எண்களைப் பிடித்துக் கடைசிப் பக்கம் வரை போகவேண்டும்.

நாங்கள் அம்மம்மாவின் காணிக்கு முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். மூன்றாவது பக்கத்தில் 1978இல் வைத்த ஓர் ஈடு இருந்தது. காசு எப்போதோ கட்டி முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மீட்ட உறுதியை மட்டும் யாரும் பதியவில்லை.

சட்டத்தரணிகள் வழக்கமாக 30 ஆண்டுகள் பின்னோக்கித் தேடுவார்கள். எங்கள் ஊர்க் காணிகளுக்கு அது காணாது. 1983க்கு முந்தியும் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனித்தான் சிக்கலான இடம். பதிவகம் உறுதியைப் பதிகிறதே தவிர, கொடுத்தவருக்கு அந்தக் காணி உண்மையில் சொந்தமா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. (1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த இடங்களில் கதை வேறு, அங்கே உரித்துச் சான்றிதழே தருவார்கள்.) 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, சொந்தக்காரருக்கு எதிராக 10 ஆண்டுகள் இடையூறில்லாமல் காணியை ஆண்டு அனுபவித்தவர் உரிமை கோரலாம். அப்படிக் கோருகிறவர், காணி தன்னுடையது என்று தானே அறிவிக்கிற 'வெளிப்படுத்தல் உறுதி' ஒன்றை முடித்துப் பதிந்துவிடுவார். பழைய பக்கத்தின் எண்ணை அவர் கொடுக்காவிட்டால் அது புதிய பக்கத்தில் ஏறும். உங்கள் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அது கண்ணில் படாது. ஆகவே காணியின் பெயரையும், இப்போது இருக்கிறவரின் பெயரையும் வைத்துத் தனியாக ஒருமுறை தேடச் சொல்லுங்கள். அதற்கும் கொஞ்சம் காசு போகும், போகட்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தோம்பில் அப்பாவின் பெயர் இருக்கிறது, அப்பா இல்லை என்றால் காணி முதுசமாகப் பிள்ளைகளுக்கு வந்திருக்கும். கனடாவில் ஒருவர், பிரான்சில் ஒருவர் என்று எல்லோரும் பங்காளிகள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி, ஒரு பங்காளி தன் பங்கை வெளியாருக்கு விற்க முதல் மற்றவர்களுக்கு அறிவிக்கவேண்டும்.

மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ கட்டுகிற சோலை வரியின் பற்றுச்சீட்டைக் காட்டி "இது என்னுடையது" என்பவர்களும் இருக்கிறார்கள். வரி கட்டியவர் யார் என்பதற்குத்தான் அது சாட்சி. கிராம சேவகரிடம் கேட்டால் இப்போது யார் குடியிருக்கிறார் என்பது தெரியவரும், அதுவும் பெரிய உதவிதான். வன்னியில் அரசாங்கம் கொடுத்த காணி என்றால் பதிவகத்தோடு நிற்காதீர்கள். அனுமதிப்பத்திரமும் அளிப்புப்பத்திரமும் யார் பெயரில் என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

போகிற நாளை நாட்காட்டியில் பார்த்து வையுங்கள். சனி, ஞாயிறோடு ஒவ்வொரு போயாவும் (பௌர்ணமி நாள்) விடுமுறை. மூன்று கிழமை லீவில் போகிறவர் முதல் திங்களே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டால், அப்புறம் நல்லூருக்கு ஆறுதலாகப் போகலாம்.

பிரதி கைக்கு வந்ததும் நாலு எல்லைகளையும் வாசித்துவிட்டு, அதற்குக் கீழே உள்ள வரியையும் வாசியுங்கள். "கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்" என்று எழுதியிருந்தால், வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.