பழைய குரோமாட்டிக் மவுத் ஆர்கனைச் சோதித்து விலை போடுவது எப்படி?

பக்கவாட்டில் உள்ள பட்டனை அழுத்தி அரை ஸ்வரங்களையும் வாசிக்க முடிகிற மவுத் ஆர்கன்தான் குரோமாட்டிக். பழைய குரோமாட்டிக் மவுத் ஆர்கன்களில் அதிகம் கண்ணில் படுவது ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் ஹோனர் கம்பெனி செய்த குரோமோனிகா 270. அதை வைத்தே சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். மற்ற மாடல்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

1. மாடலைக் கண்டுபிடியுங்கள்

துளைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு துளைக்கும் நான்கு ரீடுகள், அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய பித்தளை நாக்குகள், உண்டு. குரோமோனிகா வரிசையில் 12 துளை, 48 ரீடு என்றால் 270. 10 துளை, 40 ரீடு என்றால் 260. 16 துளை, 64 ரீடு என்றால் 280. எந்தச் சுருதிக்கானது என்பதைக் குறிக்கும் எழுத்து உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஹோனர் சின்னத்தில் இரண்டு கைகளுக்கு நடுவே ஆறுமுனை நட்சத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாஜி ஆட்சி நடந்த 1930களில் அதை எடுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் வந்த சில மாடல்களிலும் அந்த நட்சத்திரம் இருப்பதால், அதை மட்டும் வைத்து வயதை முடிவு செய்யாதீர்கள்.

2. மரத்தைப் பாருங்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். பழைய 270-இன் உட்சட்டம் பேரிக்காய் மரம். அதன் மேலும் கீழும் ரீட் தகடுகள் ஆணியால் அடிக்கப்பட்டிருக்கும். மரம் எச்சில் ஈரத்தில் உப்பும், காய்ந்ததும் சுருங்கும். பல வருடம் இப்படியே நடந்தால் வெடிப்பு விழும், தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளி வரும், காற்று அங்கே ஒழுகும். நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் பாருங்கள். ஆணிக்குப் பதில் திருகு போட்டிருந்தால் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேலை சுத்தமாக இருந்தால் அது நல்லதே, அடுத்த முறை திறப்பது சுலபம்.

எக்காரணம் கொண்டும் தண்ணீரில் முக்கிக் கழுவாதீர்கள்!

3. ஸ்லைடை அழுத்துங்கள்

ஸ்லைடு என்பது பக்கவாட்டுப் பட்டனோடு சேர்ந்து நகரும் தகடு. பட்டனை அழுத்தி விட்டால் சட்டென்று திரும்பி வர வேண்டும். ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் காய்ந்த அழுக்குதான் காரணம். வாய்வைக்கும் பகுதியின் இரண்டு திருகுகளைக் கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். இதற்காக விலையை அதிகம் குறைக்க வேண்டியதில்லை.

4. ஒவ்வொரு ஸ்வரமாக ஊதுங்கள்

முதலில் கையில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த கருவியில் வால்வுகள் (காற்று வீணாகாமல் ரீட் இடைவெளிகளை மூடும் மெல்லிய பட்டைகள்) ஈரத்தால் ஒட்டிக்கொண்டு பட்டென்று சத்தம் போடும். அதைப் பழுது என்று நினைத்துவிடக் கூடாது.

அப்புறம் மெல்ல ஊதுங்கள். சி சுருதிக் கருவியின் முதல் துளையில் ஊதினால் சி, பட்டனோடு ஊதினால் சி ஷார்ப், இழுத்தால் டி, பட்டனோடு இழுத்தால் டி ஷார்ப். இப்படி 48-ஐயும் கேளுங்கள். ட்யூனர் (சுருதி காட்டும் கருவி) இல்லாவிட்டாலும் கவலை இல்லை. இரண்டாம் துளையில் பட்டனோடு ஊதினாலும் எஃப், பட்டன் இல்லாமல் இழுத்தாலும் எஃப். இரண்டும் ஒன்றாக ஒலிக்காவிட்டால் ஒரு ரீடின் சுருதி நகர்ந்திருக்கிறது. அதேபோல் நான்காம், ஐந்தாம் துளைகளில் ஊதினால் வரும் சி இரண்டும் ஒன்றுதான்.

ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் சுருதி மிகவும் இறங்கி ஒலித்தால் அந்த ரீடில் வெடிப்பு இருக்கலாம். பித்தளை உழைத்துக் களைத்தால் அப்படி ஆகும், ரீடையே மாற்ற வேண்டிவரும். காற்று நிறையத் தேவைப்பட்டு ஒலி மெலிந்து வந்தால் வால்வையோ மரத்தையோ சந்தேகியுங்கள். வால்வு மலிவான சமாச்சாரம், மரம் அப்படியல்ல.

5. விலை போடுங்கள்

இந்தக் கருவிகள் ஏராளமாகச் செய்யப்பட்டவை, அதனால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சாதாரண 270-க்கு அபூர்வ விலை கிடையாது. ஹோனர் இன்றும் 270 செய்கிறது. புதியதன் விலையை உச்சவரம்பாக வைத்துக்கொண்டு, பழுது பார்க்க ஆகும் செலவைக் கழியுங்கள். பெட்டி இருந்தால் சேகரிப்பவர்களுக்காகக் கொஞ்சம் கூட்டலாம். ஆனால் மங்கிய மேல்தகடோடு 48 ஸ்வரமும் பேசும் கருவியைத்தான் நான் எப்போதும் மேலாக மதிப்பேன். மரம் வெடித்திருந்தால் உதிரிபாக விலைக்கு மேல் தரமாட்டேன். இணையத்தில் விற்பவர் கேட்கும் விலையை நம்பாமல், உண்மையில் விற்றுமுடிந்த விலைகளைத் தேடிப் பாருங்கள். நேரில் பார்க்க முடியாவிட்டால், ஒவ்வொரு துளையின் நான்கு ஸ்வரங்களையும் வரிசையாக ஊதி ஒலிப்பதிவு அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால், ஒலிக்காத கருவி என்றே கணக்கு வைத்து விலை பேசுங்கள்.