இன்ஜெக்டரை மாற்றியும் மிஸ்ஸிங் நிற்கவில்லையா? வயரைப் பாருங்கள்

மிஸ்ஸிங் என்றால் ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. சிக்னலில் நின்றால் கார் உதறும், மேட்டில் இழுக்காது, இன்ஜின் லைட் எரியும். என்னுடைய 2014 மாடல் பெட்ரோல் காரில் ஒரு மாதம் இதே தொல்லை. ஸ்கேன் செய்தால் பி0203 (மூன்றாவது இன்ஜெக்டரின் சர்க்யூட்டில் பழுது), கூடவே பி0303 (மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங்) என்று எரர் கோடு. வொர்க்‌ஷாப்பில் பெட்ரோலைப் பீய்ச்சும் மூன்றாவது இன்ஜெக்டர் போய்விட்டது என்று சொல்லி மாற்றினார்கள், இரண்டே நாளில் அதே உதறல் திரும்ப வந்தது. அப்புறம் நானே உட்கார்ந்து தேடியதில் கிடைத்த வழி இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது இன்டேக் பக்கம் இன்ஜெக்டர் இருக்கும் சாதாரண எம்பிஎஃப்ஐ பெட்ரோல் கார்களுக்கு மட்டும். டீசல் காமன் ரெயிலிலும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலிலும் இன்ஜெக்டருக்கு 12 வோல்ட்டைவிடப் பல மடங்கு போகும், அவற்றில் கை வைக்காதீர்கள்.

1. எரர் கோடைப் படியுங்கள். நாலு சிலிண்டர் காரில் பி0201 முதல் பி0204 வரை வந்தால் இன்ஜெக்டர் சர்க்யூட்டில் பழுது, கடைசி எண்தான் சிலிண்டர். பி0303 மட்டும் தனியாக வந்தால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயிலை முதலில் பாருங்கள். விலை குறைந்த ப்ளூடூத் ஸ்கேனரே போதும்.

2. இன்ஜெக்டரில் செருகியிருக்கும் வயர் கப்ளரை மாற்றிப் போடுங்கள். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு 2, 3 இரண்டின் கப்ளரையும் கழற்றி மாற்றிச் செருகி, கோடை அழித்து, ஒரு நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள். பெட்ரோல் லைனைத் தொடவே வேண்டாம். கோடு பி0202 ஆக மாறினால் மூன்றாவது இன்ஜெக்டர் கெட்டது. பி0203 ஆகவே நின்றால் இன்ஜெக்டர் நன்றாக இருக்கிறது, பழுது வயரிலோ ஈசியூவிலோ (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்). எனக்கு அசையாமல் பி0203 தான். புது இன்ஜெக்டர் வாங்கும் முன் இந்த ஐந்து நிமிட வேலையை எல்லாரும் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

3. ஓம் (மின்தடை) பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது கப்ளரைக் கழற்றி இன்ஜெக்டரின் இரண்டு பின்னிலும் மல்டிமீட்டரை வையுங்கள். இந்த வகையில் பெரும்பாலும் 11 முதல் 16 ஓம் வரும். நாலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

4. சப்ளை. கீ ஆன் செய்து கப்ளரில் ஒரு பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் பார்த்தால் 12 வோல்ட் வர வேண்டும். சில கார்களில் கீ போட்டு ஓரிரு நொடிதான் இருக்கும். நாலிலும் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே. இன்னொரு பின் ஈசியூவுக்குப் போவது, அதுதான் எர்த் கொடுத்து இன்ஜெக்டரைத் திறக்கிறது. மீட்டரின் தடித்த ப்ரோபைக் கப்ளர் ஓட்டைக்குள் திணிக்காதீர்கள், உள்ளே இருக்கும் டெர்மினல் விரிந்து புதுப் பழுது வந்துவிடும். பின்பக்க ரப்பர் சீல் ஓரமாக மெல்லிய குண்டூசியை நுழைத்துத் தொடுங்கள்.

5. என்னை மூன்று நாள் சுற்ற விட்டது இந்த இடம்தான். ஈசியூவிலிருந்து இன்ஜெக்டருக்கு வரும் வயரில் கன்டின்யுட்டி (இரு முனைக்கும் நடுவே தொடர்பு இருக்கிறதா என்று) பார்த்தேன், பீப் அடித்தது, 0.6 ஓம். வயர் நல்லது என்று முடிவு செய்து ஈசியூ விலையை விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டேன். மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சொற்பம், அதற்கு நூல் போல ஓர் இழை ஒட்டியிருந்தாலே போதும், பீப் அடிக்கும். இன்ஜெக்டர் இழுப்பதோ ஒரு ஆம்பியர் அளவு. அதனால் வயருக்குச் சுமை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டு ஈசியூ கப்ளரையும் இன்ஜெக்டர் கப்ளரையும் எடுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ், அடுத்து 21 வாட் பிரேக் லைட் பல்பு, அங்கிருந்து இன்ஜெக்டர் கப்ளரில் அந்த ஈசியூ வயர். வயரின் ஈசியூ முனையிலிருந்து ஒரு ஜம்பர் நேராக பேட்டரி நெகட்டிவுக்கு. எந்த பின் என்று வயரின் நிறத்தையும் வரைபடத்தையும் வைத்து இரண்டு முறை சரிபாருங்கள். ஈசியூ செருகியிருக்கும்போது இந்தப் பல்பைக் கொடுக்கவே கூடாது.

பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். எனக்கு எரிந்தது, ஆனால் வயர்க் கற்றையை விரலால் நீவிக்கொண்டே வந்தபோது, இன்டேக் மேனிஃபோல்டு பின்னால் இரும்பு பிராக்கெட்டில் கிளிப் போட்ட வளைவில் பல்பு சிவந்து மங்கியது. டேப்பைப் பிரித்தால் மேலுறை பிராக்கெட்டில் உரசித் தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. இரண்டு மூன்று இழைதான் மிச்சம். இன்ஜின் அதிரும்போதெல்லாம் அதுவும் விட்டுப்போயிருக்கிறது.

6. பச்சை படிந்த பகுதி முழுவதையும் வெட்டி, பளபளப்பான செம்பு தெரியும் வரை போய், அதே தடிமனில் ஆட்டோ வயரைச் சேருங்கள். நான் சால்டர் வைக்க மாட்டேன். அதிரும் இடத்தில் சால்டர் முடியும் விளிம்பில் வயர் விறைத்து ஒடியும். கிரிம்ப் ஜாயின்ட் (உலோகக் குழாயில் வயரை வைத்து நசுக்கி இணைப்பது), மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், அதுதான் நிற்கும். வயரை பிராக்கெட்டில் படாமல் சற்று தள்ளிக் கட்டுங்கள். எல்லா கப்ளரையும் செருகிய பிறகுதான் பேட்டரியை இணைக்க வேண்டும், கோடை அழித்து ஓட்டிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: பல்பு நன்றாக எரிந்தும் கோடு போகவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். பல்பு டெஸ்டில் டெர்மினலின் பிடிமானம் தெரியாது. இன்ஜெக்டர் பின்னின் அதே கனத்தில் ஒரு கம்பியைக் கப்ளரில் மெதுவாகச் செருகி இழுங்கள். மற்ற மூன்றிலும் இருக்கும் இறுக்கம் இதில் இல்லையென்றால் அந்த டெர்மினலை மாற்றுங்கள். அவருக்கு அதுதான் பழுது, கப்ளரோடு ஆறு இன்ச் வயர் சேர்த்து விற்கிறார்கள், அதைப் போட்டதும் சரியாகிவிட்டது.