ஊர் வீட்டுக்கு உள்பக்கம் பெயின்ட் அடிக்க ஆள் பிடிப்பது எப்படி

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஊர் வீட்டு பெயின்டிங் வேலையைப் பெரும்பாலும் விடுமுறையின் கடைசி நாட்களில்தான் ஆரம்பிக்கிறார்கள். பாதியில் சித்தப்பாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். வந்து இறங்கிய முதல் வாரமே தொடங்குங்கள். கலர் அடிக்கும்போது நீங்கள் இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. சுரண்டும்போதும் பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு) பார்க்கும்போதும் கண்டிப்பாகக் கூட இருக்க வேண்டும். பெயின்ட் எத்தனை வருஷம் நிற்கும் என்பது அந்த நாட்களில்தான் முடிவாகிறது. மேலே கலர் ஏறிவிட்டால் அடியில் என்ன செய்தார்கள் என்று யாராலும் பார்க்க முடியாது.

எந்த மாதம் வருவது என்பதும் முக்கியம். டிசம்பர் விடுமுறை எல்லோருக்கும் வசதிதான், ஆனால் பெயின்டிங்குக்கு அது மோசமான நேரம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை போகும். தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் சுவரில் ஈரம் முழுசாகக் காய்ந்திருக்காது. போதாக்குறைக்கு மார்கழியில் பொங்கலுக்காக ஊரே வெள்ளையடிக்கும். நல்ல பெயின்டர் ஒரே நேரத்தில் மூன்று வீட்டில் கை வைத்திருப்பார். ஆடி மாதம் வர முடிந்தால் நல்லது. கல்யாணம், கிரகப்பிரவேசம் எதுவும் இல்லாததால் ஆட்களுக்கு வேலை குறைவு, பேசவும் நிதானமாகக் கிடைப்பார்கள். ஆடிக்காற்றில் புழுதி பறக்கும் என்பதால், கடைசி கோட் அடிக்கிற அன்றைக்குக் காற்றடிக்கும் பக்கத்து ஜன்னல்களை மட்டும் சாத்தி வையுங்கள்.

ஆளைத் தேடும்போது பெயின்ட் கடையில் கேட்பதைவிடத் தெருவில் கேளுங்கள். போன மாதம் அடித்த வீடு எதுவும் பளபளவென்றுதான் இருக்கும். இரண்டு மழைக்காலம் பார்த்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். பாத்ரூமை ஒட்டிய சுவரும் ஜன்னலுக்குக் கீழே உள்ள பகுதியும் உரியாமல் இருந்தால் அந்த மேஸ்திரியை நம்பலாம். பெரிய நகரங்களில் ஏஷியன் பெயின்ட்ஸ், பெர்ஜர் போன்ற கம்பெனிகளே ஆள் அனுப்பி அடித்துக் கொடுக்கின்றன. செலவு கூடும்தான், ஆனால் எழுத்தில் எஸ்டிமேட் கிடைக்கும், மெஷினில் தேய்ப்பதால் தூசியும் குறைவு. வயதான அப்பா அம்மா அதே வீட்டில் இருந்தால் அந்தக் கூடுதல் பணம் தகும்.

மேஸ்திரி வருவதற்கு முன்னால் நீங்களே ஒருமுறை சுவரைப் பாருங்கள். உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தால் வெள்ளையாக மாவு ஒட்டினால் அது பழைய சுண்ணாம்போ டிஸ்டம்பரோ. அதன்மேல் நேராக எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்) அடித்தால் கொஞ்ச நாளில் தோல் தோலாக உரியும். முழுசாகச் சுரண்டித்தான் ஆக வேண்டும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பொரிந்து உப்புப் பூத்திருந்தால் ஓதம், அதாவது ஈரக்கசிவு, ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சந்தேகமான இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். சுவர்ப் பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் முதலில் பிளம்பரையோ கொத்தனாரையோ கூப்பிடுங்கள். “பட்டி போட்டா சரியாயிடும் சார்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஓதத்தைப் பட்டி அடைக்காது.

ரேட் பேசும்போது லேபர் மட்டுமா, மெட்டீரியலோடு சேர்த்தா என்பதை முதலில் தெளிவாக்குங்கள். தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்கு லேபர் கான்ட்ராக்ட்தான் நல்லது. பெயின்ட்டை நீங்களே பில்லோடு வாங்கிக் கொடுக்கலாம். அளவையும் சேர்ந்தே எடுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி, சீலிங் 120, ஆக 560. கதவு, ஜன்னலைக் கழிப்பார்களா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். சமமான சுவரில் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 100 முதல் 140 சதுர அடி வரும் என்றால், இந்த அறைக்கு நாலிலிருந்து ஆறு லிட்டர். இதே கணக்குக்கு இருபது லிட்டர் பக்கெட் வாங்கச் சொன்னால் ஏன் என்று கேட்கலாம்.

வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்தால் ரேட் ஏறும், உண்மைதான். உள்ளூர் உறவுக்காரர் ஒருவரைப் பேச வையுங்கள். அதற்காக அடிமட்டத்துக்கு இறக்காதீர்கள். குறைத்த பணத்தை அவர் பட்டியிலும், தண்ணீர் கூடக் கலந்த எமல்ஷனிலும்தான் ஈடுகட்டுவார். எவ்வளவு தண்ணீர் கலக்கலாம் என்று பக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். வீட்டில் இருக்கிறவர்களிடம் அதைக் காட்டி வையுங்கள்.

இன்னொன்று, டோக்கன். பல பெயின்ட் பக்கெட்டுகளுக்குள் பெயின்டருக்கென்று கம்பெனி ஒரு பரிசு டோக்கன் வைத்திருக்கும். அது தொழில் வழக்கம், அவர் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் அவர் ஒரே பிராண்டில் பிடிவாதமாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பக்கெட்டை வீட்டு ஆள் முன்னால் வைத்துத்தான் திறக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பட்டி இரண்டு கோட். முதல் கோட் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும், சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பகலில் தெரியாத மேடு பள்ளம், கரணைத் தடம் எல்லாம் நிழல் விழுந்து காட்டும். அந்த இடங்களில் பென்சிலால் வட்டம் போட்டுவிடுங்கள், காலையில் அவர்களே சரி செய்வார்கள். பிரைமர் (கலருக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்த பிறகு சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

குழந்தைகளோடு வருகிறவர்கள் இதை அவசியம் கவனியுங்கள். இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய ஜன்னல் கம்பி, கதவுகளில் இருக்கும் எனாமல் (ஆயில் பெயின்ட்) பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் காய்ந்த நிலையில் தேய்க்க விடாதீர்கள், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில் பிள்ளைகளைத் தாத்தா வீட்டிலோ அத்தை வீட்டிலோ விட்டுவிடுங்கள்.

பணத்தை மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். கூலிக்காரர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். அதற்கேற்ப வாரா வாரம், முடிந்த வேலைக்குக் கொடுங்கள். சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், வளைகுடா நாடுகள் சிலவற்றின் செல்போன் எண்ணை உங்கள் என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்கோடு (வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்குகள்) இணைத்து யுபிஐயில் அனுப்ப 2023 முதல் வழி இருக்கிறது. அதனால் கடைசித் தவணையை வெளிநாட்டுக்குத் திரும்பிய பிறகும் அனுப்பலாம். வீடியோ காலில் அதே டார்ச்சைப் பிடித்து ஒவ்வொரு அறையாகக் காட்டச் சொல்லுங்கள், ஸ்விட்ச் போர்டு, தரை, கதவு ஓரத்தில் சிந்திய பெயின்ட்டைத் துடைத்தார்களா என்று பாருங்கள், அப்புறம் அனுப்புங்கள். மிச்ச பெயின்ட்டை இறுக மூடி, டப்பாமேல் ஷேட் நம்பரையும் அறையின் பெயரையும் எழுதி வைக்கச் சொல்லிவிடுங்கள்.