சப்நெட் மாஸ்க்கிலிருந்து தொகுதியின் அளவைக் கண்டறிதல்

192.168.10.77 என்ற ஐ.பி. முகவரிக்கு 255.255.255.224 என்ற சப்நெட் மாஸ்க் (முகவரியின் எந்தப் பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது எனக் காட்டும் எண்) தரப்பட்டிருந்தால், அந்த முகவரி எந்தத் தொகுதியைச் சேர்ந்தது, அதாவது ஒரே வலையமைப்பில் அடுத்தடுத்து வரும் எந்த முகவரிகளின் கூட்டத்தில் அடங்கும் என அறிய, மாஸ்க்கின் கடைசி எண்ணான 224-ஐ 256-இலிருந்து கழிக்க வேண்டும். கிடைக்கும் 32தான் தொகுதியின் அளவு. ஆகவே தொகுதிகள் 0, 32, 64, 96 என 32-இன் மடங்குகளில் மட்டுமே தொடங்கும். 77 என்பது 64-க்கும் 96-க்கும் இடையில் வருவதால், 192.168.10.64 வலையமைப்பின் முகவரியாகவும் 192.168.10.95 பிராட்காஸ்ட் முகவரியாகவும் (தொகுதியின் எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் முகவரி) ஒதுக்கப்பட, கணினிகளுக்கு 65 முதல் 94 வரையிலான 30 முகவரிகளே எஞ்சுகின்றன. இந்த இரண்டைக் கழிக்க மறப்பது புதியவர்கள் எளிதில் செய்துவிடும் பிழை.

இதே மாஸ்க்கை /27 என்று சுருக்கி எழுதுவதற்குக் காரணம், அதன் 32 பிட்டுகளில் முதல் 27 பிட்டுகள் 1 ஆக இருப்பதே. மீதமுள்ள 5 பிட்டுகளால் 32 வெவ்வேறு முகவரிகளைக் குறிக்க முடியும். இரு ரவுட்டர்களை நேரடியாக இணைக்கும் தடத்தில் மட்டும், விதிவிலக்காக, இரண்டே முகவரிகள் கொண்ட /31 தொகுதியின் இரு முகவரிகளையுமே கழிக்காமல் பயன்படுத்தலாம்.